வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை: ஒத்தி எழுதிய கைகளின் வரலாறு



தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரங்களில் ஒரு குடும்பத்தாரிடம் "குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா?" என்று கேட்டால், மூன்றாவதாக ஒரு விடை வருவதுண்டு: "ஒத்திக்கு இருக்கிறோம்." பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ வாடகையின்றிக் குடியிருப்பது, தவணை முடிந்ததும் கொடுத்த தொகையைக் குறையாமல் திரும்பப் பெற்று வீட்டைக் காலி செய்வது. வட மாவட்டங்களில் இதனையே போக்கியம் என்பர். பத்திரத்தில் வழக்கமாக இடம்பெறும் வரி ஒன்று உண்டு. தொகைக்கு வட்டியும் இல்லை, வீட்டுக்கு வாடகையும் இல்லை என்பது அதன் பொருள். 'வட்டி இல்லை' என்ற சொல்லே நம் குடும்பங்களில் பலருக்கு மனநிறைவைத் தந்திருக்கிறது. வங்கிக் கடனுக்கு அஞ்சி விலகியவர்கள் ஒத்தியை மார்க்கம் அனுமதித்த வழி என்றே கருதி வந்துள்ளனர்.

அந்த ஒற்றை வரியின் வரலாற்றையும், அதை எழுதிய கைகளின் வரலாற்றையும் இங்கே பார்க்க விழைகிறோம். அதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் இன்று வங்கிகளிலும் வீட்டுக்கடன் நிறுவனங்களிலும் 'மார்ட்கேஜ் அசோசியேட்' என்ற பெயரில் பணியாற்றுகின்றனர். சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் அமர்ந்து இரவெல்லாம் அமெரிக்க வீட்டுக்கடன் தாள்களைச் சரிபார்க்கின்றனர். அடமானம் எழுதுவதும் சரிபார்ப்பதும் எவ்வகைப்பட்ட தொழில் என்ற கேள்வி அவர்களுடைய வீடுகளில் எழுகிறது. இக்கேள்வி கணினியோடு பிறந்ததன்று. அடமானத்தை எழுதும் கை எதுவாயினும், ஓலையும் எழுத்தாணியும் பிடித்த காலத்திலிருந்தே அதன்முன் நின்றுவரும் கேள்வி இது.

ஐந்தருவியை எடுத்துக்கொண்டால் செய்தி எளிதில் விளங்கும். குற்றாலத்தின் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், திரிகூடமலையில் பிறக்கும் சிற்றாற்று நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் இடம் அது. ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் ஆடி முடியும் வரை அந்தச் சாலையில் கால் வைக்க இடமிராது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவியலாக விற்கும். மற்ற மாதங்களில் அதே சாலை அமைதியாகக் கிடக்கும். இத்தகைய இடத்தில் ஒரு சிறிய விடுதியையோ தோப்பையோ ஒத்திக்கு விடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒத்திப் பணம் ஒன்றே. ஆனால் வைகாசியில் எழுதி ஓராண்டுக்குப்பின் ஆவணியில் திருப்பும் பத்திரத்தில் இரண்டு சாரல்கள் அடங்கும். ஆவணியில் எழுதி அடுத்த வைகாசியில் திருப்பும் பத்திரத்தில் ஒரு சாரலும் இராது. வட்டி என்ற சொல் இரண்டு பத்திரங்களிலும் கிடையாது. எனினும் முதற் பத்திரத்தில் பணம் கொடுத்தவர் பெறுவது என்ன, இரண்டாவதில் பெறுவது என்ன என்று எண்ணிப் பார்த்தால், கடனுக்கு ஈடாக ஒரு பயன் கைமாறுகிறது என்பதும், அந்தப் பயனை எவரும் அளந்து எழுதவில்லை என்பதும் தெரியவரும்.

இனி மதீனாவுக்குச் செல்வோம். அண்ணலார் (ஸல்) அவர்கள் யூதர் ஒருவரிடம் உணவுத் தானியத்தைக் கடனாக வாங்கி, தமது இரும்புக் கவசத்தை அடமானமாக வைத்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோதும் 30 ஸாவு வாற்கோதுமைக்காக அந்தக் கவசம் அடமானத்திலேயே இருந்தது. புகாரீயில் பதிவாகியுள்ள இச்செய்தியிலிருந்து சட்ட அறிஞர்கள் பலவற்றை எடுத்துக் காட்டினர். ஊரில் இருக்கும்போதும் அடமானம் வைக்கலாம்; மாற்று மதத்தவருடனும் அவ்வாறு கொடுக்கல் வாங்கல் செய்யலாம்; தேவையுள்ளவர் தம் பொருளை ஈடு வைப்பதில் இழிவில்லை. நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. ரஹ்ன் எனும் அடமானம் கடனுக்கான காப்பு மட்டுமே. பொருள் கடன் கொடுத்தவரின் கையில் இருக்கும். அவருடைய உடைமை ஆகிவிடாது. அவருக்கு வருமானம் தருவதற்காக அது வைக்கப்படவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடன் எழுதுவதைப் பற்றியது என்பதை நம்மில் பலர் அறிவோம். எழுத்தர் நீதியுடன் எழுத வேண்டும், அல்லாஹ் தமக்குக் கற்றுக்கொடுத்திருக்க எழுத மறுக்கலாகாது, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், இரு சாட்சிகள் வேண்டும், எழுத்தருக்கும் சாட்சிக்கும் துன்பம் இழைக்கலாகாது என்றெல்லாம் அவ்வசனம் விரிகிறது. அடுத்த வசனம், பயணத்தில் எழுத்தர் கிடைக்காவிட்டால் கையில் ஒப்படைக்கப்படும் அடமானத்தைப் பற்றிப் பேசுகிறது. எழுத்தர் இங்கே கண்ணியமான இடத்தில் இருக்கிறார். இதே எழுத்தரைத்தான் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிம் நூலில் இடம்பெறும் நபிமொழி வேறொரு வரிசையில் நிறுத்துகிறது. வட்டி உண்பவர், அதைக் கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய அனைவரும் சாபத்திற்குரியோர். அவர்கள் யாவரும் சமமே என்கிறது அது. ஒரே தொழில், ஒரே எழுதுகோல், அதே இரு சாட்சிகள். பத்திரத்தில் எழுதப்படும் பொருள் மாறும்போது எழுதுபவரின் இடமும் மாறுகிறது.

அடமானப் பொருளைக் கடன் கொடுத்தவர் பயன்படுத்தலாமா என்பதில் இமாம்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். அடமானமாக வந்த கால்நடைக்குத் தீனி போடுபவர், அச்செலவுக்கு ஈடாக அதில் ஏறலாம், அதன் பாலை அருந்தலாம் என்ற பொருளில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி உண்டு. ஹன்பலீ அறிஞர்கள் இதனைக் கடன் கொடுத்தவருக்குரிய அனுமதியாகக் கொண்டனர். அதுவும் செலவின் அளவுக்குத்தான். பயன் பொருளின் உரிமையாளருக்கே உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. கடனோடு சேர்த்து 'நானே அனுபவித்துக்கொள்வேன்' என்று நிபந்தனை போட்டால் அது கடனால் இழுத்துவரப்பட்ட இலாபமாகிவிடும் என்பதில் பெரும்பான்மையோர் ஒன்றுபடுகின்றனர்.

உரிமையாளர் மனமுவந்து அனுமதித்தால்? ஹனஃபீ நூல்களில் இக்கேள்விக்கு நெடிய விவாதம் உண்டு. 1836இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) தமது ரத்துல் முஹ்தாரில் முந்தைய அறிஞர் ஒருவரின் கருத்தை எடுத்துவைக்கிறார். மக்கள் பணம் கொடுப்பதே அந்தப் பயனுக்காகத்தான். அது கிடைக்காதெனில் கொடுத்திருக்க மாட்டார்கள். வழக்கத்தால் அறியப்பட்டது நிபந்தனையாக எழுதப்பட்டதற்குச் சமம் என்பது அக்கருத்தின் சாரம். டமாஸ்கஸில் அமர்ந்து எழுதியவர் நம் ஒத்தியைக் கண்டவரல்லர். ஆயினும் வீட்டுக்காரரின் அனுமதி என்று நாம் சொல்லிக்கொள்வது எத்தகைய அனுமதி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

மத்திய ஆசியாவில் வேறொரு வழி தோன்றியது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டளவில் புகாரா, பல்க் பகுதிகளில் 'பைஉல் வஃபா' என்ற ஏற்பாடு பரவிற்று. நிலத்தை விற்றதாகவே எழுதுவது. விலையைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்று வாங்கியவர் வாக்களிப்பது. கடன் என்று எழுதாததால் வட்டி என்ற பேச்சும் எழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டநூல் இதற்கு இடமளித்தது. அது தரும் விளக்கமே சற்று விந்தையானது. வாங்கியவர் அனுபவிப்பதால் இது செல்லும் விற்பனை போன்றது. இருவரும் முறித்துக்கொள்ளலாம் என்பதால் குறையுள்ள விற்பனை போன்றது. பிறருக்கு விற்க இயலாது என்பதால் அடமானம் போன்றது. மூன்று முகங்கள் கொண்ட ஒரே பத்திரம்! 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இதன் உண்மை நிலை பயன் தரும் கடனே என்று கூறி, இது கூடாது எனத் தீர்மானித்தது.

நம் முன்னோர்களின் பயணப் பாதையிலும் இதன் உறவுமுறை ஒன்று உண்டு. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள். அங்கே மலாய் மக்களிடம் 'ஜுவால் ஜாஞ்ஜி' என்ற வழக்கம் இருந்தது. வாக்குறுதி விற்பனை என்பது அதன் பொருள். வட்டி விலக்கப்பட்டது என்பதால் நிலத்தை விற்பதாக எழுதி, பணம் கொடுத்தவர் விளைச்சலை அனுபவிக்க, பணம் திரும்பியதும் நிலம் திரும்பும். சிலாங்கூரிலிருந்து சென்ற இத்தகைய வழக்கொன்றில், குறித்த தவணை கடந்து நெடுங்காலத்திற்குப் பின் நிலத்தைத் திரும்பக் கேட்டவருக்கு லண்டன் பிரிவி கவுன்சில் 1917இல் கைகொடுக்கவில்லை. ஆங்கில அடமானச் சட்டத்தின் மீட்புரிமையை அந்த ஏற்பாட்டின்மேல் ஏற்ற முடியாது என்பது தீர்ப்பு. வட்டியைத் தவிர்க்க 'விற்பனை' என்று எழுதினார்கள்; அந்தச் சொல்லே நிலத்தைக் கொண்டுபோயிற்று. பத்திரத்தில் எழுதும் சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன விலை என்பதற்கு இவ்வழக்கு நல்ல சான்று.

இனி நம் மண்ணின் சட்டம். பழந்தமிழில் ஒற்றி என வழங்கிய சொல்லே பேச்சிலும் பத்திரத்திலும் ஒத்தியாயிற்று. கும்பினி ஆட்சி 1802இல் மதராஸ் மாகாணத்திற்கு இயற்றிய 34ஆம் ஒழுங்குமுறை, வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற உச்ச வரம்பை வைத்தது. 1855இல் வந்த சட்டம் அத்தகைய வரம்புகளை இந்தியா முழுவதும் நீக்கிவிட்டது. இருவர் ஒப்புக்கொண்டது எதுவோ அதுவே வட்டி என்ற நிலை உருவானது. அதன்பின் வந்ததுதான் 1882 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டம். இன்றும் தென்காசிப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுதப்படும் ஒவ்வோர் அடமானமும் அதன் கீழேதான் அமைகிறது.

அச்சட்டத்தின் 2ஆம் பிரிவில் முஸ்லிம் சட்டத்திற்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு இரண்டாம் அத்தியாயத்திற்கு மட்டுமே உரியது. அடமானம் இடம்பெறுவது நான்காம் அத்தியாயத்தில். 1937இல் வந்த ஷரீஅத் சட்டமும் திருமணம், மணவிலக்கு, மஹர், வாரிசுரிமை, அன்பளிப்பு, வக்ஃபு ஆகியவற்றைச் சொல்கிறது. கடனையும் அடமானத்தையும் சொல்லவில்லை. ஆக, நிகாஹிலும் பாகப்பிரிவினையிலும் ஷரீஅத்தைக் கேட்கும் நீதிமன்றம், ஒத்திப் பத்திரத்தில் அதைக் கேட்காது. நம் முன்னோர் இதற்காகப் போராடியதாகவும் தெரியவில்லை. கொடுக்கல் வாங்கலில் ஹலால் ஹராமைக் காக்கும் பொறுப்பு முழுவதும் எழுதிக்கொள்பவர்களிடமும் எழுதிக்கொடுப்பவரிடமும் வந்து சேர்ந்தது. பெரும்பாலான ஊர்களில் அந்த எழுத்தர் ஒரு முஸ்லிமாகக்கூட இருந்திருக்க மாட்டார். வழக்கமான வாசகத்தை வழக்கம்போல் எழுதினார், இரு தரப்பாரும் கையெழுத்திட்டனர்.

சட்டத்தின் 58ஆம் பிரிவு அடமானத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறது. நம் ஒத்தி அதில் அனுபோக அடமானம். பத்திர எழுத்தர்கள் சுவாதீன அடமானம் என்பர். அப்பிரிவு சொல்வதை நிதானமாகப் படிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் சொத்தின் வாடகையையும் வருமானத்தையும் பெற்று, அதை வட்டிக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம். அல்லது அசலில் வரவு வைக்கலாம். அல்லது இரண்டுக்கும் பிரித்து வைக்கலாம். சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர் நம் மத்ஹபுகளை எண்ணி எழுதியவரல்லர். எனினும் ஃபிக்ஹ் நூல்கள் மறுக்கும் வழியும் பெரிதும் நெருங்கிவரும் வழியும் ஒரே பிரிவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை' என்று எழுதினால் சட்டம் அதை எவ்வாறு புரிந்துகொள்கிறது? வாடகை வட்டிக்கு ஈடாகிவிட்டது என்றுதான். வட்டி இல்லை என்று நாம் மகிழ்ந்த அதே வரியைச் சட்டம் வட்டி கொடுத்தாயிற்று என்று படிக்கிறது.

இன்னும் உள்ளே போனால் 76, 77ஆம் பிரிவுகள். அடமானச் சொத்தைக் கைவசம் வைத்திருப்பவர் முழுமையான, தெளிவான வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும். வருமானத்தில் செலவு போக மிஞ்சியதைக் கடனில் கழிக்க வேண்டும் என்கிறது முதலாவது. வருமானம் வட்டிக்கு ஈடு என்று ஒப்பந்தம் செய்துகொண்டவருக்கு இந்தக் கணக்குக் கடமை இல்லை என்கிறது அடுத்தது. கணக்கு எழுதுவதே நீதியின் முதற்படி என்று 2:282 கற்பிக்க, கணக்கையே வேண்டாததாக்கும் வாசகத்தை நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மலைக்கு அப்பால் நிலைமை சற்று வேறு. ஐந்தருவி மதராஸ் மாகாணத்துத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர் நிலம். பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் சுதேச சமஸ்தானத்திற்குள் தானாக நுழையாது. மலையாள நாட்டில் ஒத்தியுடன் காணம் என்ற முறையும் இருந்தது. காணக்காரர் தம் தொகைக்குரிய வட்டியைக் கழித்துக்கொண்டு எஞ்சிய வாரத்தை நிலத்துக்காரருக்குக் கொடுப்பார். அதற்கு மிச்சவாரம் என்று பெயர். வட்டி அதிலும் உண்டுதான். ஆனால் கணக்கும் உண்டு. நிலம் தரும் முழுப் பயனும் கடன் கொடுத்தவருக்கே என்ற நிலை அங்கே இல்லை.

ஒத்தியில் வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களின் குறை நாடெங்கும் உயர்ந்தபோது அரசுகளும் அசைந்தன. ராஜாஜி தலைமையிலான மதராஸ் அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அனுபோக அடமானங்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் நிலத்தை அனுபவித்த ஒத்திக்காரரின் அனுபோகத்தையே கடன் தீர்வாகக் கருத அது வழிசெய்தது. வட்டியென்று எவரும் எழுதாத பயனுக்கு, அரசு முதன்முறையாக ஒரு மதிப்புப் போட்டுக் கழித்தது என்று இதைக் கொள்ளலாம். அதற்குச் சற்று முன்னர், 1929இல், சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்திருந்தது. நிபந்தனைக் கிரயம் எனப்படும் மீட்புரிமையுள்ள விற்பனை அடமானமாகக் கருதப்பட வேண்டுமானால், மீட்பு நிபந்தனை அதே பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்பது அது. கிரயம் ஒரு தாளிலும் வாக்குறுதி வேறொரு தாளிலும் எழுதப்பட்டிருந்தால், எழுதிக்கொடுத்தவர் பின்னர் 'அது அடமானம்தான்' என்று வாதிட இயலாது. எழுத்தரின் ஒரு சோம்பல் ஒரு குடும்பத்தின் தோப்பை விழுங்கிவிடும்.

வங்கிகளின் வீட்டுக்கடன் வந்தபின் ஒத்தியின் இடம் சுருங்கியது, மறையவில்லை. வீட்டுக்கடனில் சொத்து கடன் பெற்றவரின் கையிலேயே இருக்கும். உரிமைப் பத்திரங்கள் மட்டும் வங்கியில் ஒப்படைக்கப்படும். வட்டி வெளிப்படையாக எழுதப்படும். அதன் மார்க்க நிலையில் நமக்கு ஐயமில்லை. மார்ட்கேஜ் அசோசியேட் எனப்படுபவரின் மேசையில் நடப்பது என்ன? மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய கிரயம் வரை உரிமைத் தொடர் அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பது. வில்லங்கச் சான்றைப் பத்திரங்களோடு ஒப்பிடுவது. பட்டாவில் உள்ள பெயரும் அளவும் பொருந்துகின்றனவா என்று சோதிப்பது. வாரிசுகளில் எவரேனும் கையெழுத்திடாமல் விடுபட்டுள்ளனரா என்று தேடுவது. வருமானச் சான்றுகளைத் தொகுப்பது. இறுதியில் கடன் ஒப்பந்தத்தைத் தயாரித்துக் கையெழுத்து வாங்குவது. பட்டியலின் முற்பகுதியில் உள்ளவை எந்தச் சொத்து மாற்றத்திற்கும் தேவையான நேர்மையான வேலைகள். பிற்பகுதியில் உள்ளதுதான் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு நேரடியாகத் தொடும் இடம். ஆலிம்கள் பலர் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கின்றனர். ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. அப்பணியில் இருப்போர் தம் நாளில் எத்தனை மணி நேரம் எந்தப் பகுதியில் கழிகிறது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு ஓர் ஆலிமிடம் சென்றால், 'வங்கி வேலை ஆகுமா?' என்று மொட்டையாகக் கேட்பதைவிடப் பயனுள்ள விடை கிடைக்கும் என்பது நம் கருத்து. உரிமைத் தொடரை ஆராயும் இதே திறமைக்கு வழக்கறிஞர் அலுவலகங்களிலும், நில வணிகத்திலும், வக்ஃபு சொத்துகளின் ஆவணங்களைச் சீர்செய்வதிலும் தேவை இருக்கிறது.

வங்கியின் மேசையைக் குறித்துக் கவலைப்படும் நாம், நம் வீட்டு ஒத்தியைக் குறித்து அதே அளவு கவலைப்பட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகன் வட்டிப் பத்திரம் தயாரிக்கிறானே என்று வருந்தும் பெற்றோர் தாமே ஒத்தி வீட்டில் வாடகையின்றிக் குடியிருப்பது அரிய காட்சியன்று. அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரும் பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்பவர்களாக இருக்கலாம்.

மாற்று வாசகம் கடினமானதன்று. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒத்தித் தொகை 6,00,000 ரூபாய். அந்தத் தெருவில் அத்தகைய வீட்டுக்கு நியாயமான வாடகை மாதம் 7,000 ரூபாய். மூன்றாண்டுக்கு வாடகை 2,52,000 ரூபாய். வழக்கமான ஒத்தியில் வீட்டுக்காரர் மூன்றாண்டு முடிவில் 6,00,000 ரூபாயையும் திருப்ப வேண்டும். குடியிருந்தவருக்கு 2,52,000 ரூபாய்ப் பயன் கடனால் வந்தது. அசலில் கழிக்கும் ஒத்தியில் வீட்டுக்காரர் திருப்ப வேண்டியது 3,48,000 ரூபாய் மட்டுமே. 58ஆம் பிரிவு இதற்கும் இடமளிக்கிறது. வாடகை அசலில் கழியும் என்ற வரியும், மாத வாடகைத் தொகையும் பத்திரத்தில் இருந்தால் போதும். கடன் கொடுத்திருக்கிறார் என்பதற்காக 7,000 ரூபாய் வாடகையை 1,000 ரூபாய் என்று எழுதினால் பழைய பயன் வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிடும். வாடகை ஊர் மதிப்பில் இருக்க வேண்டும். ஐந்தருவி போன்ற இடமானால் சாரல் மாதங்களுக்கு ஒரு வாடகை, மற்ற மாதங்களுக்கு ஒரு வாடகை என்று எழுதுவதே பொருந்தும்.

இத்தகைய ஒத்திக்கு யார் பணம் கொடுப்பார் என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. இலாபம் இல்லாத இடத்தில் பெருந்தொகை எளிதில் வராது. வீட்டுக்காரரின் தேவைக்கு முன்வாடகையாக ஒரு தொகையும், உறவினரின் அழகிய கடனாக ஒரு தொகையும் எனப் பிரித்துத் திரட்டிய குடும்பங்கள் உண்டு. தொகை சிறிதாகும், தவணை நீளும். வளைகுடாவிலிருந்து வரும் பணம் ஒத்தியில் முடங்குவதற்கு மாறாக வீட்டில் பங்காகச் சேர்ந்து, பங்குக்குரிய வாடகையைப் பெற்றுக்கொள்ளும் முறையும் உண்டு. மலேசியாவின் இஸ்லாமிய வங்கிகள் குறைந்துசெல்லும் கூட்டுரிமை என்ற பெயரில் இதையே விரிவாகச் செய்கின்றன. அண்ணன் தம்பிகளுக்குள் இதைச் செய்ய வங்கி தேவையில்லை. தெளிவாக எழுதப்பட்ட பத்திரம் தேவை.

பதிவைப் பற்றியும் ஒரு சொல். 100 ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கான அனுபோக அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும், குறைந்தது இரு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பது 59ஆம் பிரிவு. முத்திரைத் தீர்வைக்கு அஞ்சி, முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்யாமல் விடப்படும் ஒத்திகள் நம் தெருக்களில் ஏராளம். வீட்டுக்காரர் மரணித்து வாரிசுகள் பிரிந்தாலோ, வீட்டை வேறொருவருக்கு விற்றாலோ, வில்லங்கச் சான்றில் தடமில்லாத அந்த ஒத்திக்காரர் தம் பணத்தைத் தேடி அலைய நேரும்.

பழைய பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு இறுதியாக ஒரு செய்தி. பாட்டனார் காலத்தில் ஒத்தி வைத்த நிலம், காலம் கடந்ததால் போய்விட்டது என்று எண்ணிக் கைவிட்ட குடும்பங்கள் பல. அனுபோக அடமானத்தில், எழுதப்பட்ட நாளிலிருந்து இத்தனை ஆண்டு கடந்துவிட்டது என்பதால் மட்டும் மீட்புரிமை அழியாது. அடமானத் தொகை சொத்தின் வருமானத்திலிருந்து தீர்ந்த பின்னரோ, கொடுக்கப்பட்ட அல்லது செலுத்தப்பட்ட பின்னரோதான் காலக்கெடு ஓடத் தொடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல், சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. மீட்கப்படும் சொத்து மீட்டவருக்கு மட்டும் உரியதாகாது. ஒத்தி வைத்தவரின் வாரிசுகள் அனைவருக்கும், அத்தையர், பெரியம்மா, சின்னம்மா உட்பட, ஃபராயிள் பங்கு அதில் உண்டு. மீட்கச் செலவிட்டவர் மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்குக்குரிய செலவைக் கேட்டுப் பெறலாம். பத்திரத்தை எடுத்து வழக்கறிஞரிடம் காட்டும் முன், தவணை எழுதப்பட்டிருக்கிறதா, வாடகை அசலில் கழியும் என்ற வரி எங்கேனும் இருக்கிறதா, வாரிசுகள் இன்று யார் யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.